தொடக்கநிலைப் பட்டன் அக்கார்டியனிலிருந்து அடுத்த பெட்டிக்கு: எப்போது, எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கையில் இருப்பது 21 பொத்தான், இரு குரல் (ஒரு சுரத்துக்கு இரண்டு நாக்குகள் சேர்ந்து ஒலிப்பது), பி/சி வகை (வெளிவரிசை பி, உள்வரிசை சி) தொடக்கநிலைப் பெட்டி. இரண்டு ஆண்டுகளாக ஐரிஷ் மரபிசை கற்கிறீர்கள். செஷனில் (பலர் கூடி மரபு மெட்டுகளை வாசிக்கும் கூடலில்) மற்றவர்கள் ரீல் என்ற வேகமான நடன மெட்டை வாசிக்கும் வேகத்துக்குப் போனால் சில சுரங்கள் பிந்தி ஒலிக்கின்றன, இடது தோள் வலிக்கிறது. கையிருப்பு 2000 யூரோ. மூன்று குரல் பெட்டி வாங்கலாமா, சி ஷார்ப்/டி முறைக்கு மாறிவிடலாமா, 1950களின் பழைய பவுலோ சொப்ரானி (இத்தாலியப் பெட்டி) கிடைத்தால் எடுக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: வேகம் வராததற்குக் காரணம் பெட்டியா, என் விரல்களா? அதற்கு விடை தெரியாமல் மற்ற மூன்றுக்கும் பதில் சொல்ல முடியாது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். (அயர்லாந்தில் இந்தக் கருவியைப் பேச்சில் ‘பெட்டி’ என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் ஆர்மோனியத்தைச் சொல்வதைப் போல. நானும் அப்படியே சொல்கிறேன்.)

பெட்டியின் குறைக்கும் விரலின் குறைக்கும் ஒரு தெளிவான வேறுபாடு உண்டு. பெட்டியின் குறை இடம் மாறாது. ஒரு குறிப்பிட்ட பொத்தானில், துருத்தியின் ஒரு குறிப்பிட்ட திசையில், எந்த வேகத்தில் வாசித்தாலும் அது அங்கேயே இருக்கும். விரலின் குறை இடம் மாறும்: இன்று இந்த வரியில், நாளை வேறொரு வரியில். எனவே உங்களைத் தடுக்கும் ரீலின் அந்த நான்கு தாளக்கட்டங்களை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில் பத்து முறை வாசித்துக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பத்திலும் அதே சுரம் ‘ஃப்’ என்ற காற்றொலியுடன் தொடங்கினால் அது பெட்டி. பிறகு அந்தப் பொத்தானைத் தனியாக அழுத்தி, துருத்தியை மிக மிக மெதுவாக நகர்த்துங்கள். எந்த அழுத்தத்தில் ஒலி பிறக்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் பொத்தான்கள் பேசத் தொடங்கிய பிறகும் இது ஊமையாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஆர்மோனியத்தில் இருப்பதுபோலவே இங்கும் ஒலி எழுப்புவது உலோகத் தகட்டின் பிளவுக்கு மேல் ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்ட நாக்கு (இங்கே அது எஃகு). வேறுபாடு என்னவென்றால், இங்கே ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு நாக்குகள். ஒன்று துருத்தி மூடும்போது ஒலிக்கும், மற்றது விரியும்போது. ஒரே பொத்தானில் இரண்டு வேறு சுரங்கள் வருவது இதனால்தான். நாக்கின் நுனி தகட்டிலிருந்து சற்றே தூக்கி நிற்க வேண்டும், ஏறத்தாழ நுனியின் தடிமன் அளவுக்கு. அதைவிட அதிகம் தூக்கியிருந்தால் மெதுவாகப் பேசும், காற்றை விழுங்கும். குறைவாக இருந்தால் மென்மையாக வாசிக்கும்போது நன்றாக ஒலித்து, திடீரென்று பலமாகத் தள்ளும்போது அடைத்துக்கொள்ளும். மலிவான பெட்டிகளில் இந்த இடைவெளி ஒவ்வொரு நாக்குக்கும் வெவ்வேறாக இருப்பது வழக்கம், ஏனென்றால் தொழிற்சாலையில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து சரிசெய்ய நேரம் ஒதுக்குவதில்லை. இது திருத்தக்கூடிய குறை. பழகிய பழுதுபார்ப்பவர் ஒரு பிற்பகலில் பத்துப் பதினைந்து நாக்குகளைச் சரிசெய்துவிடுவார். நீங்களே செய்யப் போகாதீர்கள். நுனியை ஒரு முறை மடித்துவிட்டால் அந்தத் தகட்டையே மாற்ற வேண்டிவரும்.

அடுத்த சந்தேகம் காற்றுக்கசிவு. தோள் வலிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம், எடை மட்டும் அல்ல. பட்டைகளைக் கழற்றிவிட்டு, வலக்கைப் பக்கத்தைப் பிடித்துப் பெட்டியைத் தொங்கவிடுங்கள். இடக்கைப் பக்கம் தன் எடையால் கீழே இறங்கும். எந்தப் பொத்தானையும் அழுத்தாதபோது அது நின்று நின்று, மனமில்லாமல் இறங்க வேண்டும். மூன்று நான்கு விநாடிகளில் முழுவதும் விரிந்துவிட்டால் கசிவு நிச்சயம். (இடப்பக்கத்தின் எடை பெட்டிக்குப் பெட்டி மாறும் என்பதால் விநாடிக் கணக்கை நீதிமன்றத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடையில் நாலைந்து பெட்டிகளை அடுத்தடுத்து இப்படித் தொங்கவிட்டுப் பார்த்தால் கண்ணே சொல்லிவிடும்.) கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று இடங்கள். துருத்திச் சட்டமும் மரப்பெட்டியும் சேருமிடத்தில் உள்ள காற்றடைப்புப் பட்டை முதலாவது. ஆணிகளைக் கழற்றி, ஒரு மெல்லிய காகிதத் துண்டை இடையில் வைத்து மீண்டும் ஆணியிட்டு இழுத்துப் பாருங்கள். காகிதம் எதிர்ப்பில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் பட்டை செத்துவிட்டது. இரண்டாவது, பொத்தான்களுக்குக் கீழே துளைகளை மூடும் தோல் அடைப்புகள். இருட்டறையில் பெட்டிக்குள் ஒரு சிறு விளக்கை வைத்தால், சரியாக அமராத அடைப்பின் ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரியும். மூன்றாவது, துருத்தியின் மூலைகள். முதல் இரண்டும் செலவு குறைந்தவை. துருத்தியே போய்விட்டால் தொடக்கநிலைப் பெட்டிக்குப் புதுத்துருத்தி போடுவது பெட்டியின் விலைக்கே வந்துவிடும், அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகும் புதுப்பெட்டி வேண்டுமா என்றால், இரண்டு ஆண்டு தொடர்ந்து வாசித்தவருக்குப் பெரும்பாலும் வேண்டும் என்பதே என் கணிப்பு. ஆனால் வாங்கப்போவது எது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்குவது குறைந்த காற்றில் உடனே பேசும் நாக்குகள், கசியாத உறுதியான துருத்தி, ஆழம் குறைந்து சீராகத் திரும்பும் பொத்தான்கள். இந்த மூன்றும் விலைக்கு உரியவை. குரல்களின் எண்ணிக்கை, மினுக்கும் மேற்பூச்சு, பித்தளைச் சல்லடை எல்லாம் அதற்குப் பிறகு.

நாக்குகளைப் பற்றி விற்பனையாளர்கள் மூன்று இத்தாலியச் சொற்களைப் பயன்படுத்துவார்கள். ‘மாக்கினா’ என்றால் இயந்திரத்தில் செய்த சாதாரண வகை. ‘டிப்போ ஆ மானோ’ என்றால் கைவேலைத் தரத்தை ஒட்டிய நடுத்தர வகை. ‘ஆ மானோ’ என்றால் கைவேலை வகை. கைவேலை நாக்கு பிளவுக்கு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது, ஓரத்தில் கசியும் காற்று குறைகிறது, ஆகவே சீக்கிரம் பேசுகிறது. இது நிச்சயம். நிச்சயமில்லாதது, இரண்டாம் வகையிலிருந்து மூன்றாம் வகைக்குப் போனால் கற்பவருக்கு அந்த வித்தியாசம் கைக்குத் தெரியுமா என்பது. முதல் வகையிலிருந்து இரண்டாவதற்கு வரும் தாவல் எவருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் தெரியும். இரண்டிலிருந்து மூன்றுக்கான தாவல், நாக்குகள் எவ்வளவு கவனமாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. கவனமாக அமைத்த நடுத்தர நாக்கு, அலட்சியமாக அமைத்த கைவேலை நாக்கை எப்போதும் வெல்லும். மரத்தைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். செர்ரி மரம் இனிமை தரும், வால்நட் ஆழம் தரும் என்பார்கள். நாக்குகளும் அவை அமரும் மரக்கட்டைகளின் துல்லியமும் ஒலியில் செய்யும் மாற்றத்துக்கு முன்னால் வெளிப்பெட்டியின் மரம் எவ்வளவு செய்கிறது என்பது விவாதமாகவே இருக்கிறது. அதற்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள்.

இப்போது குரல்கள். ஒரு பொத்தானை அழுத்தும்போது எத்தனை நாக்குகள் சேர்ந்து ஒலிக்கின்றன என்பதே குரல் எண்ணிக்கை. 23 பொத்தான் இரு குரல் பெட்டியின் வலப்பக்கத்தில் 46 தகடுகள், 92 நாக்குகள். மூன்று குரல் என்றால் 69 தகடுகள், 138 நாக்குகள். கூடுதல் 46 நாக்குகளும் காற்று குடிக்கும், எடை கூட்டும், சுதி கலைந்தால் செலவு கூட்டும். மூன்றாவது குரல் ஓர் எண்மம் (ஆக்டேவ்) கீழே ஒலிக்கும் வகையாக இருந்தால் தனியாக வாசிக்கும்போது கம்பீரமாக இருக்கும். செஷனில், ஐந்தாறு பிடில்களுக்கும் புல்லாங்குழல்களுக்கும் நடுவில், அந்தக் கீழ்க்குரல் மற்றவர்களை அமுக்கிவிடும் என்பதால் பலர் அதை அடைத்து வைத்துவிட்டுத்தான் வாசிக்கிறார்கள். உங்கள் தோள்வலியையும் சேர்த்துப் பார்த்தால், இரு குரல் போதும். இரண்டில் ஒன்றை அடைத்து ஒற்றை நாக்கில் வாசிக்க உதவும் ‘ஸ்டாப்’ விசை இருந்தால் வீட்டுப் பயிற்சிக்கு நல்லது. இல்லையென்றாலும் குறையில்லை.

குரல் எண்ணிக்கையைவிட முக்கியமானது அவற்றுக்கிடையே உள்ள சுதி இடைவெளி. இதைப் பலர் கேட்பதே இல்லை. இரண்டு நாக்குகளில் ஒன்று சரியான சுதியிலும் மற்றது சற்று மேலேயும் வைக்கப்படும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு அதிர்வலை பிறக்கும். இடைவெளி அதிகமானால் அலை வேகமாகும், ஒலி நடுங்கும். அதை ‘ஈரமான’ சுதி என்பார்கள். இடைவெளி சுருங்கினால் ‘உலர்ந்த’ சுதி. தொடக்கநிலைப் பெட்டிகள் பெரும்பாலும் 20 சென்ட்டுக்கு (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) மேல் ஈரமாக வருகின்றன. பழைய தலைமுறை ஐரிஷ் இசைத்தட்டுகளில் கேட்பதும் அந்த நடுக்கமே. பிற்காலத்தில் உலர்ந்த பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், 5 முதல் 15 சென்ட்டுக்குள் வைப்பவர்களே இன்று அதிகம். அளக்க ஒரு எளிய வழி: நடு சி-க்கு மேலே உள்ள ஏ சுரத்தை, அதாவது 440ஐ, ஒரே சீராகப் பிடித்து நான்கு விநாடிகளில் ஒலி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அந்தச் சுரத்தில் ஒரு சென்ட் இடைவெளி விநாடிக்குக் கால் அலை தருவதால், நான்கு விநாடியில் வரும் எண்ணிக்கையே ஏறத்தாழ சென்ட் கணக்கு. பத்து முறை ஏறி இறங்கினால் பத்து சென்ட். இருபதுக்கு மேல் என்றால் காதால் எண்ணுவது கடினம். பதிவு செய்து பாதி வேகத்தில் ஓடவிட்டு எண்ணுங்கள். இந்தக் கணக்கு அந்த ஒரு சுரத்துக்கு மட்டும்தான். மேல் சுரங்களில் அதே சென்ட்டுக்கு அலை வேகமாகும், அதனால் நல்ல சுதிகாரர் மேலே போகப் போக இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவார்.

உங்கள் இப்போதைய பெட்டியின் நடுக்கம்தான் உறுத்துகிறது என்றால், அதை உலர்த்திவிட முடியும். சுதி மேலே வைத்த நாக்கின் அடிப்பகுதியில், ஆணிக்கு அருகே, சிறிது உலோகத்தைச் சுரண்டினால் சுதி இறங்கும். நுனியில் சுரண்டினால் ஏறும். 42 நாக்குகளில் செய்ய வேண்டிய வேலை, பொறுமையும் பழக்கமும் வேண்டும். ஒவ்வொரு சுரண்டலும் உலோகத்தைக் குறைக்கிறது என்பதால் மறுபடி மறுபடி மனம் மாற்றிக்கொள்ள இடமில்லை. எத்தனை சென்ட் வேண்டும் என்று ஒரு முறை தீர்மானித்துவிட்டுக் கொடுங்கள்.

முறை மாற்றத்துக்கு வருவோம். பி/சி பெட்டியில் வெளிவரிசை பி, உள்வரிசை சி. சி ஷார்ப்/டி பெட்டியில் வெளியே சி ஷார்ப், உள்ளே டி. இரண்டுமே அரைச்சுர இடைவெளி வரிசைகள்தான், ஆனால் டி மேஜர் போன்ற செஷன் சுருதிகளில் துருத்தியின் நடத்தை முற்றிலும் வேறு. டி மேஜர் சுரவரிசையைக் கீழிருந்து மேலே வாசித்துப் பாருங்கள். பி/சி-யில்: டி விரிப்பு, ஈ மூடல், எஃப் ஷார்ப் மூடல், ஜி மூடல், ஏ விரிப்பு, பி விரிப்பு, சி ஷார்ப் விரிப்பு, டி விரிப்பு. எட்டுச் சுரங்களில் துருத்தி திசை மாறுவது இரண்டே முறை. சி ஷார்ப்/டி-யில் அதே சுரவரிசை உள்வரிசையிலேயே முடிந்துவிடும்: டி மூடல், ஈ விரிப்பு, எஃப் ஷார்ப் மூடல், ஜி விரிப்பு, ஏ மூடல், பி விரிப்பு, சி ஷார்ப் விரிப்பு, டி மூடல். திசை மாற்றம் ஆறு. முதல் முறையில் வேலை விரல்களுக்கு, ஒலி வழுக்கி ஓடும், உருட்டல்களும் மும்மைகளும் (சுரத்தைச் சுற்றியும் மும்முறை அடித்தும் செய்யும் அலங்காரங்கள்) எளிதாக விழும். இரண்டாவதில் வேலை துருத்திக்கு, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு உதைப்பு வரும், நடனத்துக்கு உந்துதல் கிடைக்கும்.

இது வெறும் இயந்திரக் கணக்கு அல்ல, மரபும் அதை ஒட்டியே பிரிந்தது. டிப்பரரியின் பேடி ஓ’பிரையன் 1950களில் பி/சி-யில் ரீல்களைப் பிடிலின் அலங்காரங்களோடு வாசித்துக் காட்டிய பிறகு நாடே அந்தப் பக்கம் திரும்பியது. கால்வேயின் ஜோ பர்க் அந்த வழியில் வந்தவர். அதே கால்வேயின் பீட்டர்ஸ்வெல்லில் பிறந்த ஜோ கூலி வாசித்தது டி/டி ஷார்ப் பெட்டி, பழைய ‘மூடித் திற’ பாணி. வட கார்க்கின் கன்டர்க் ஊர்க்காரரான ஜாக்கி டேலி சி ஷார்ப்/டி-யில் போல்காக்களையும் ஸ்லைடுகளையும் (அந்த வட்டாரத்து நடன மெட்டுகள்) வாசித்து அந்த முறைக்குப் புது உயிர் கொடுத்தார். எனவே நீங்கள் கேட்டு மயங்கும் வாசிப்பு எது என்பதே விடை. பர்க்கின் ரீல்கள் என்றால் பி/சி-யிலேயே இருங்கள். கூலியின் உதைப்பும் கார்க், கெர்ரி எல்லைப் பகுதியான ஸ்லீவ் லூக்ராவின் போல்காக்களும் என்றால் மாறுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் மாறினால், உங்கள் விரல்களுக்குத் தெரிந்த ஒவ்வொரு மெட்டும் பயனற்றதாகிவிடும். காது வைத்திருக்கும், கை வைத்திருக்காது. வேகம் வரவில்லை என்பதற்காக மட்டும் மாறுவது தவறு. அந்த வேகம் புது முறையில் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். புதுப்பெட்டியும் புதுமுறையும் ஒரே நாளில் வேண்டாம். ஒன்று சொல்லிவிடுகிறேன்: பி/சி பெட்டியை வாங்கிப் பிறகு சி ஷார்ப்/டி-யாகச் சுதி ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒவ்வொரு நாக்கும் முழுச்சுரம் ஏற வேண்டும். சுரண்டியே அவ்வளவு ஏற்றினால் நாக்கு மெலிந்து கெடும். நாக்குத் தகடுகளையே மாற்றுவதுதான் நேர்மையான வழி, அதற்குப் பெட்டி வாங்கும் பணமே போய்விடும்.

பி/சி-யில் இன்னொரு சிக்கலைப் பெட்டியின் தலையில் போடுவதைப் பார்க்கிறேன். டி சுருதி மெட்டுகளில் டி, ஏ இரண்டும் விரிப்பில் விழுவதால் துருத்தி நிரம்பிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் கை முழுக்க நீண்டு நிற்கும். அதற்கு மருந்து இடது கட்டைவிரலில் இருக்கும் காற்றுப்பொத்தான். மூடலில் வரும் ஒரு ஈ அல்லது ஜி சுரத்தின்போதே அதைப் பாதி அழுத்தி, சுரம் கெடாமல் காற்றை வெளியேற்றக் கற்க வேண்டும். தொடக்கநிலைப் பெட்டிகளில் இந்தப் பொத்தானின் துளை சிறியதாக இருப்பது உண்மையான குறை, ஆகவே புதுப்பெட்டியில் இதை முதலில் சோதியுங்கள். இடப்பக்கம் தொங்க, பொத்தானை முழுதாக அழுத்தினால் துருத்தி தடையின்றிச் சர்ரென்று இறங்க வேண்டும்.

பொத்தான் எண்ணிக்கை பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. டின் விசில் என்ற சிறு குழலின் சுர எல்லைக்குள் அமையும் மெட்டுகள் 21இல் அடங்கிவிடும். பிடிலின் கீழ்த்தந்தி வரை இறங்கும் மெட்டுகளுக்கு 23 வசதி. இடக்கைக்கு வழக்கமான எட்டு பாஸ் அமைப்பில் ஒரு முரண் உண்டு: சி வரிசைக்கான இணையில் மூடினால் சி கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), விரித்தால் ஜி கார்டு. ஆனால் வலக்கையில் ஜி சுரம் மூடலில்தான் இருக்கிறது. ஜி மெட்டின் இறுதிச் சுரத்துக்கு ஜி கார்டு சேராது. இதனால்தான் பலர் பாஸையே தொடுவதில்லை, சிலர் பாஸ் நாக்குகளை மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். பழைய பெட்டி வாங்கினால் பாஸ் மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். விரல்பலகையையும் பாருங்கள். இரண்டு வரிசைகளும் படிக்கட்டுபோல் ஒன்றுக்கு மேல் ஒன்று இருக்கும் வகையும், ஒரே தளத்தில் இருக்கும் வகையும் உண்டு. படியில் பழகிய விரல் தளத்தில் இடறும். எதிலும் தவறில்லை, ஆனால் கைவைத்துப் பார்க்காமல் வாங்கினால் இதுதான் முதலில் உறுத்தும்.

பவுலோ சொப்ரானி பற்றி. இத்தாலியின் காஸ்டெல்ஃபிடார்டோவில் செய்யப்பட்ட அந்தச் சாம்பல் நிறப் பெட்டிகளுக்கு அயர்லாந்தில் இருக்கும் மதிப்பு வீண் புகழ் அல்ல. நல்ல நிலையில் உள்ள ஒன்றின் ஒலிக்கு நிகர் தேடுவது கடினம். ஆனால் 70 ஆண்டுப் பொருள். நாக்குத் தகடுகளை மரக்கட்டையோடு ஒட்டிவைத்திருப்பது தேன்மெழுகும் ரோசினும் கலந்த மெழுகு. அது காலப்போக்கில் காய்ந்து, வெளிறி, விரிசல் விடும். பார்க்கும்போது உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள். மெழுகின் மேல் நகத்தை லேசாக அழுத்துங்கள். நல்ல மெழுகில் நகத்தடம் பதியும். செத்த மெழுகு பொடியாக உதிரும், சில இடங்களில் தகட்டின் ஓரத்தை விட்டுப் பிரிந்து மயிரிழைக் கோடு தெரியும். அங்கே காற்று கசிந்து சுரம் கரகரக்கும், ஒரு நாள் தகடே உள்ளே விழும். அடுத்து, தகட்டின் மறுபக்கத்தில் ஒட்டியிருக்கும் தோல் நாக்குகள் (ஒலிக்காத எஃகு நாக்கின் வழியே காற்று போகாமல் அடைக்கும் தோல் துண்டுகள்). அவை தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். காய்ந்த வாழைச்சருகுபோல் சுருண்டு எழுந்து நின்றால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். எஃகில் துரு இருந்தால், அதிலும் ஆணிக்கருகே இருந்தால், விட்டுவிடுங்கள். மெழுகு, தோல், சுதி மூன்றையும் புதுப்பிப்பது பெரிய வேலை, பெரிய செலவு. விற்பவர் ஏற்கெனவே செய்திருந்தால் எப்போது, யாரிடம், எத்தனை சென்ட்டில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். செய்யவில்லை என்றால் அந்தச் செலவை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அந்த மேற்பூச்சு செல்லுலாய்டு, எளிதில் தீப்பற்றக்கூடியது. கணப்படுப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

ஆக, 2000 யூரோவுக்கு என் பரிந்துரை: பயன்படுத்திய, பிற்காலத்து, இரு குரல் பி/சி இத்தாலியப் பெட்டி. ரெகனாட்டியின் காஸ்டன்யாரி, இத்தாலியில் தயாராகும் சல்டரெல் போன்றவை ஐரிஷ் வாசிப்பவர்களிடையே கைமாறுவது வழக்கம். புதிதாக இவை உங்கள் தொகையைப் பொதுவாகத் தாண்டிவிடும், பழையதாகத் தேடினால் எட்டும். ஆனால் 2000த்தையும் பெட்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். இருநூறு முந்நூறை ஒதுக்கி வையுங்கள், வாங்கிய உடன் ஒரு முறை சரிபார்க்க அது வேண்டும். முழுப்பணத்தில் வாங்கிய சரியில்லாத பெட்டியைவிட, சற்றுக் குறைந்த விலையில் வாங்கிச் செம்மை செய்த பெட்டி நன்றாக வாசிக்கும்.

பார்க்கப் போகும்போது இருபது நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முதல் பத்து நிமிடம் மெட்டு எதுவும் வாசிக்காதீர்கள். தொங்கவிட்டுப் பார்ப்பது முதல் வேலை. பிறகு ஒவ்வொரு பொத்தானையும் இரு திசையிலும், முதலில் மூச்சுப்போல மெல்ல, பிறகு திடீரென்று பலமாக. 23 பொத்தான் என்றால் 46 சுரங்கள், ஒன்றையும் விடக் கூடாது. விடுபடும் சுரம் எப்போதும் மேல்கோடியிலோ கீழ்க்கோடியிலோதான் இருக்கும், விற்பவர் வாசித்துக் காட்டும் மெட்டில் அது வராது. பிறகு ஒரே பொத்தானில் மூன்று விரல்களால் வேகமாக மும்மை அடியுங்கள். பொத்தான் திரும்பி வரும் வேகம் அங்கே தெரியும். துருத்தியை நகர்த்தாமல் பொத்தான்களை மட்டும் அழுத்தி ‘டக் டக்’ சத்தத்தைக் கேளுங்கள். கடைசியாக, நன்றாகத் தெரிந்த ஒரு ரீலையும் ஒரு ஜிக்கையும் (இன்னொரு நடன மெட்டு வகை) வாசியுங்கள், உங்களுக்கு வராத ரீலை அல்ல. கூட வந்தவரை மூன்று மீட்டர் தள்ளி நின்று பதிவு செய்யச் சொல்லுங்கள். வாசிப்பவர் காதில் விழும் ஒலியும் முன்னால் இருப்பவர் கேட்கும் ஒலியும் ஒன்றல்ல.

நேரில் போக முடியாவிட்டால், ஒவ்வொரு பொத்தானையும் இரு திசையிலும் வாசித்த காணொளியும், உள்ளே மெழுகும் தோலும் தெரியும் புகைப்படங்களும், திருப்பித் தரும் உரிமையும் கேளுங்கள். மூன்றில் ஒன்றை மறுத்தாலும் விலகிவிடுங்கள். ஜூலையில் கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மல்பேயில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப்பள்ளி, அதன் பிறகு வரும் ஃப்ளா (ஐரிஷ் மரபிசைத் திருவிழா) ஆகிய இடங்களுக்குப் போனால் ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து பெட்டிகளைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பெட்டிக்காரர்கள் தங்கள் பெட்டியைப் பற்றிப் பேசச் சலிக்க மாட்டார்கள், பணிவாகக் கேட்டால் கொடுப்பார்கள்.

உங்களிடமிருந்து கேட்காமல், தொலைவிலிருந்து நான் உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று: உங்கள் சுரம் பிந்துவது நாக்கினாலா, கசிவினாலா, விரலினாலா என்று. அந்தப் பத்து முறைப் பதிவையும் தொங்கவிட்டுப் பார்த்த விநாடிக் கணக்கையும் இங்கே போடுங்கள். பெட்டியில் குறை இல்லை என்று தெரிந்தால் ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்வேன். குறை உண்டு என்றால் தேடத் தொடங்கலாம். புதுப்பெட்டி வந்ததும் முதல் சில வாரங்கள் துருத்தி இறுக்கமாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். வாசிக்காதபோது துருத்தியை மூடி, வாசிக்கும் நிலையிலேயே நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் தோல் நாக்குகள் தொங்கிவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒருபோதும் விடாதீர்கள், மெழுகு இளகித் தகடுகள் நகரும். பழைய பெட்டியை உடனே விற்றுவிடவும் வேண்டாம். புதியதில் ஏதாவது சுரம் சுதி விலகிப் பட்டறைக்குப் போகும் வாரத்தில் செஷனுக்கு எடுத்துப்போக அதுதான் இருக்கும்.